உங்க கம்ப்யூட்டரை யார் கவனிக்கிறாங்க? 'டெலிமெட்ரி ஏஜென்ட்' இன்ஸ்டால் பண்ணும் முன் தெரிஞ்சுக்க வேண்டியவை

புதுக்கோட்டை கீழ ராஜ வீதியில் ஒரு ஜெராக்ஸ் கடை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கடையில் ஐந்து கம்ப்யூட்டர்கள். கல்லூரி விண்ணப்பம் போட கடைசி நாள். வாசலில் கூட்டம். அந்த நேரம் பார்த்து ஒரு கம்ப்யூட்டரின் ஹார்டு டிஸ்க் போய்விடுகிறது. "நேத்து வரைக்கும் நல்லாத்தானே ஓடுச்சு" என்பார் கடைக்காரர்.

உண்மையில் அந்த டிஸ்க் பல நாளாகவே திணறிக்கொண்டு இருந்திருக்கலாம். கேட்கத்தான் யாரும் இல்லை. அந்தக் கேட்கும் வேலையைச் செய்வதுதான் 'டெலிமெட்ரி ஏஜென்ட்' எனப்படும் சிறிய மென்பொருள். கம்ப்யூட்டரின் உடல்நிலையை நொடிக்கு நொடி அளந்து, இன்னொரு இடத்துக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும்.

ஆனால் இதில் இன்னொரு பக்கமும் இருக்கு. உடல்நிலையைக் கவனிக்கும் அதே கருவியால், உட்கார்ந்திருக்கும் ஆளையும் கவனிக்க முடியும். அதனால் இது என்ன, எப்படி இன்ஸ்டால் பண்ணணும், எங்கே உஷாரா இருக்கணும் என்பதை விரிவாகப் பார்ப்போம்.

டெலிமெட்ரி என்றால் என்ன?

'தொலைவு', 'அளவு' என்று பொருள்படும் இரண்டு கிரேக்கச் சொற்களில் இருந்து வந்த வார்த்தை இது. தமிழில் தொலை அளவீடு எனலாம். பொருள் ஓரிடத்தில் இருக்கும். அதன் அளவு வேறோர் இடத்தில் தெரியும்.

இது கம்ப்யூட்டருக்கு முன்பே வந்த தொழில்நுட்பம். ஸ்ரீஹரிகோட்டாவில் இருந்து ராக்கெட் கிளம்பியதும் அதன் வேகம், வெப்பம், அழுத்தம் எல்லாம் தரையில் உள்ள திரையில் ஓடுகிறதே, அது டெலிமெட்ரி. சென்னை, காரைக்காலில் இருந்து வானிலை ஆய்வுத் துறை பறக்கவிடும் பலூன் மேலே போகப் போக வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் ரேடியோவில் சொல்கிறதே, அதுவும் டெலிமெட்ரிதான்.

ராக்கெட்டுக்குப் பதில் உங்கள் மேஜை மேல் இருக்கும் கம்ப்யூட்டர். வித்தியாசம் அவ்வளவுதான்.

ஏஜென்ட் என்ன சேகரிக்கும்?

பொதுவாக மூன்று வகை தகவல்கள்.

* அளவுகள்: சிபியு எத்தனை சதவீதம் வேலை செய்கிறது, ராம் எவ்வளவு மிச்சம், டிஸ்க்கில் எவ்வளவு இடம், நெட்வொர்க்கில் எவ்வளவு டேட்டா போகிறது. எல்லாம் வெறும் எண்கள்.
* பதிவுகள்: 'லாக்' என்பார்கள். எத்தனை மணிக்கு யார் லாகின் செய்தார், எந்த மென்பொருள் நின்றுபோனது என்ற நாட்குறிப்பு.
* தடங்கள்: ஒரு ஆப்பில் ஒரு பட்டனை அழுத்தினால், அந்தக் கோரிக்கை எந்தெந்த இடம் வழியாகப் போய் எங்கே தாமதமானது என்ற பாதை. இது பெரும்பாலும் மென்பொருள் உருவாக்குபவர்களுக்குத்தான் தேவை.

ஜெராக்ஸ் கடை, கல்லூரி லேப், சின்ன அலுவலகம் போன்ற இடங்களுக்கு முதல் வகையே போதும். இரண்டாவது வகையில்தான் ஆட்களின் பெயரும் நேரமும் வர ஆரம்பிக்கும். பொறுப்பும் அங்கேதான் தொடங்குகிறது.

உங்க கம்ப்யூட்டர்ல ஏற்கெனவே ஒண்ணு இருக்கு!

பலர் கவனிக்காத விஷயம் இது. விண்டோஸ் 10, 11 இரண்டிலும் மைக்ரோசாஃப்ட்டின் சொந்த டெலிமெட்ரி சேவை பின்னணியில் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. 'கனெக்டட் யூசர் எக்ஸ்பீரியன்சஸ் அண்ட் டெலிமெட்ரி' என்பது அதன் பெயர்.

விண்டோஸ் 11இல் செட்டிங்ஸ் போய், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, அதில் டயக்னாஸ்டிக்ஸ் அண்ட் ஃபீட்பேக் என்ற பகுதியைத் திறந்தால் இதைப் பார்க்கலாம். 'கட்டாயத் தகவல்', 'விருப்பத் தகவல்' என்று இரண்டு அடுக்கு உண்டு. விருப்பத் தகவலை நீங்கள் நிறுத்திவிடலாம். ஹோம், ப்ரோ பதிப்புகளில் கட்டாயத் தகவலை நிறுத்த செட்டிங்ஸில் வழி கிடையாது. என்ன போகிறது என்பதைப் பார்க்க 'டயக்னாஸ்டிக் டேட்டா வியூவர்' என்ற இலவச ஆப்பை மைக்ரோசாஃப்ட்டே தருகிறது.

ஆக, புதிதாக ஒரு ஏஜென்ட் போடுவதற்கு முன், ஏற்கெனவே இருப்பது என்ன அனுப்புகிறது என்று ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

எந்த ஏஜென்ட்? காசு கொடுக்கணுமா?

தேவையில்லை. உலகின் பெரிய நிறுவனங்கள் பயன்படுத்தும் பல கருவிகள் இலவசம். அவற்றின் மூல நிரலும் யாரும் படிக்கும்படி திறந்தே இருக்கிறது.

* ப்ரோமிதியஸ்: 2012இல் சவுண்ட்கிளவுட் நிறுவனத்தில் தொடங்கியது. இது மையக் கருவி. ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் 'எக்ஸ்போர்ட்டர்' என்ற சிறு ஏஜென்ட் இருக்கும். லினக்ஸுக்கு நோட் எக்ஸ்போர்ட்டர், விண்டோஸுக்கு விண்டோஸ் எக்ஸ்போர்ட்டர்.
* ஓபன்டெலிமெட்ரி கலெக்டர்: ஓபன்டிரேசிங், ஓபன்சென்சஸ் என்ற இரு திட்டங்கள் 2019இல் ஒன்றாகி உருவானது. மேலே சொன்ன மூன்று வகையையும் சேகரிக்கும். சக்தி அதிகம், அமைப்பதும் கொஞ்சம் சிரமம்.
* கிராஃபானா அலாய்: 2024இல் வந்தது. ஏற்கெனவே இருந்த கிராஃபானா ஏஜென்ட்டுக்கு மாற்று.
* ஜாபிக்ஸ்: 2001 முதல் இருக்கும் பழைய கை. மையக் கருவி, ஏஜென்ட், எச்சரிக்கை அனுப்பும் வசதி எல்லாம் ஒரே தொகுப்பில் வரும்.

இவற்றில் ஒரு அடிப்படை வித்தியாசம் உண்டு. ப்ரோமிதியஸ் தானே வந்து கேட்டு வாங்கிக்கொள்ளும். ஓபன்டெலிமெட்ரி போன்றவை ஏஜென்ட்டே கொண்டுபோய்க் கொடுக்கும். பால்காரர் வீட்டுக்கு வருவதற்கும், நாமே பால் பூத்துக்குப் போவதற்கும் உள்ள வித்தியாசம் போலத்தான்.

பத்து கம்ப்யூட்டர் உள்ள லேபில் எப்படி இன்ஸ்டால் பண்ணுவது?

ப்ரோமிதியஸ் முறையை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். லேபில் ஒரு கம்ப்யூட்டர் மையம். மற்றவை உறுப்பினர்கள்.

1. முதலில் சொல்லிவிடுங்கள். கம்ப்யூட்டர் யாருடையதோ, அவரிடமும் அதைப் பயன்படுத்துபவரிடமும் 'இது இதைத்தான் அளக்கும்' என்று சொல்லிவிட்டு ஆரம்பிப்பது முறை. லேப் சுவரில் ஒரு தாளில் எழுதி ஒட்டினால் இன்னும் நல்லது.

2. அதிகாரப்பூர்வ இடத்தில் இருந்து மட்டும் டவுன்லோடு செய்யுங்கள். நண்பர் பென்டிரைவில் கொடுத்தது, டெலிகிராம் குழுவில் வந்தது எல்லாம் வேண்டாம். தளத்தில் ஃபைலுடன் 'செக்சம்' என்ற நீளமான எழுத்து வரிசை இருக்கும். டவுன்லோடு ஆன ஃபைலின் செக்சமை விண்டோஸ் பவர்ஷெல்லில் எடுத்து, இரண்டும் ஒன்றா என்று ஒப்பிடுங்கள். ஒரு எழுத்து மாறினாலும் அந்த ஃபைலை அழித்துவிடுங்கள்.

3. இன்ஸ்டால் செய்யுங்கள். விண்டோஸ் எக்ஸ்போர்ட்டருக்கு வழக்கமான இன்ஸ்டாலர் உண்டு. அது தன்னை ஒரு 'சர்வீஸ்' ஆகப் பதிவு செய்துகொள்ளும். கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் தானாக ஓடும். லினக்ஸில் நோட் எக்ஸ்போர்ட்டரை லாகின் வசதி இல்லாத தனி பயனர் பெயரில் ஓடவிடுவது பாதுகாப்பு. தமிழ்நாடு அரசு 2011இல் தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்தில் வந்த பாஸ் லினக்ஸ் நினைவிருக்கிறதா? சிடாக் உருவாக்கிய அந்த இயங்குதளம் டெபியன் வழி வந்தது. டெபியன் களஞ்சியத்திலேயே நோட் எக்ஸ்போர்ட்டர் கிடைக்கும்.

4. வேலை செய்கிறதா பாருங்கள். அதே கம்ப்யூட்டரின் பிரவுசரில் 'லோக்கல்ஹோஸ்ட்' என்று டைப் செய்து, விண்டோஸ் என்றால் 9182, லினக்ஸ் என்றால் 9100 என்ற போர்ட் எண்ணைக் கொடுத்தால் அளவுகள் இருக்கும் பக்கம் திறக்கும். வரிவரியாக எண்கள் வந்தால் ஏஜென்ட் உயிரோடு இருக்கிறது.

5. கதவைப் பூட்டுங்கள். பலர் தவறவிடும் படி இதுதான். அந்த எண்கள் தெரியும் பக்கத்துக்கு இயல்பாக பாஸ்வேர்டு கிடையாது. அதே வைஃபையில் இருக்கும் யாரும் திறந்து பார்க்கலாம். விண்டோஸ் ஃபயர்வாலில் மையக் கம்ப்யூட்டரின் ஐபி முகவரிக்கு மட்டும் அந்த போர்ட்டைத் திறந்துவிடுங்கள். ரவுட்டரில் வெளி இணையத்துக்கு அந்த போர்ட்டைத் திறக்கவே கூடாது.

6. மையத்தில் சேருங்கள். ப்ரோமிதியஸ் ஓடும் கம்ப்யூட்டரின் அமைப்புக் கோப்பில் பத்து ஐபி முகவரிகளையும் எழுதி மீண்டும் தொடங்கினால், 9090 போர்ட்டில் எல்லாவற்றின் நிலையும் தெரியும்.

7. எச்சரிக்கை எல்லை வையுங்கள். 'டிஸ்க்கில் 10 சதவீதத்துக்குக் கீழ் இடம் இருந்தால் சொல்' என்பது போல. இது இல்லாமல் வெறும் எண்களைச் சேர்த்து வைப்பதில் பயன் இல்லை.

எவ்வளவு இடம் பிடிக்கும்?

கணக்குப் போட்டே பார்க்கலாம். ஒரு கம்ப்யூட்டரில் இருந்து 1,000 அளவுகள், 15 நொடிக்கு ஒருமுறை என்று வைத்துக்கொண்டால், பத்து கம்ப்யூட்டருக்கு ஒரு நாளில் 5.76 கோடி பதிவுகள். ப்ரோமிதியஸ் ஒரு பதிவுக்கு சராசரியாக 1 முதல் 2 பைட் எடுக்கும். அதிகபட்சம் நாளுக்கு சுமார் 115 எம்பி. மாற்றாமல் விட்டால் 15 நாள் தகவலை வைத்துக்கொண்டு பழையதை அழித்துவிடும். அதாவது 2 ஜிபிக்குள் அடங்கிவிடும். ஒரு நிமிடத்துக்கு ஒருமுறை என்று மாற்றினால் அதில் நாலில் ஒரு பங்குதான்.

இந்தத் தகவல் லேபுக்குள்ளேயே சுற்றுவதால் இணைய டேட்டா செலவாகாது. வெளியில் உள்ள கிளவுடுக்கு அனுப்பினால்தான் டேட்டாவும் போகும், தகவலும் கைவிட்டுப் போகும்.

கரண்ட் போனா என்ன ஆகும்?

நம்ம ஊருக்கு முக்கியமான கேள்வி. 2018 நவம்பர் 16 அன்று கரை கடந்த கஜா புயலில் புதுக்கோட்டை மாவட்டத்தில் மின்கம்பங்கள் சாய்ந்து, கிராமங்கள் நாள்கணக்கில் இருளில் இருந்தன. அவ்வளவு பெரிய புயல் வேண்டாம், பத்து நிமிட மின்தடையே போதும்.

மையத்தில் இருந்து கேட்டு வாங்கும் முறையில், மையம் அணைந்திருந்த நேரத்து அளவுகள் திரும்பக் கிடைக்காது. அனுப்பும் முறையில், அனுப்ப முடியாததை ஏஜென்ட் வரிசையில் வைத்திருக்கும். ஆனால் ஓபன்டெலிமெட்ரி கலெக்டரில் அந்த வரிசை இயல்பாக ராமில்தான் இருக்கும். கரண்ட் போனால் வரிசையும் போச்சு. டிஸ்க்கில் சேமிக்கும் வசதியைத் தனியாக இயக்க வேண்டும். குறைந்தபட்சம் மையக் கம்ப்யூட்டருக்காவது யுபிஎஸ் இருப்பது அவசியம்.

இன்னொன்று, கடிகாரம். பழைய கம்ப்யூட்டரில் மதர்போர்டு பேட்டரி தீர்ந்திருந்தால், கரண்ட் போய் வந்ததும் தேதி பல வருடம் பின்னே போய்விடும். தப்பான நேரத்துடன் வரும் பதிவு எதற்கும் உதவாது. கடைகளில் கிடைக்கும் சின்ன பட்டன் பேட்டரியை மாற்றி, இணைய நேரத்துடன் இணைத்துவிட்டால் தீர்ந்தது.

டிஸ்க் போகப்போவதை முன்கூட்டியே சொல்லுமா?

சொல்ல வாய்ப்பு உண்டு, உத்தரவாதம் இல்லை. ஹார்டு டிஸ்க், எஸ்எஸ்டி இரண்டிலும் 'ஸ்மார்ட்' என்ற சுயபரிசோதனை வசதி இருக்கிறது. கெட்டுப்போன பகுதிகளின் எண்ணிக்கை நாளுக்கு நாள் ஏறுகிறது என்றால், பேக்கப் எடுக்கச் சொல்லும் மணி அது. ஆனால் சாதாரண எக்ஸ்போர்ட்டர் இதைத் தானாக எடுக்காது. ஸ்மார்ட்மான்டூல்ஸ் என்ற இலவசக் கருவியையும் அதற்கான எக்ஸ்போர்ட்டரையும் சேர்த்தால்தான் வரும். எந்த அறிகுறியும் காட்டாமல் திடீரென நிற்கும் டிஸ்க்குகளும் உண்டு. அதனால் ஏஜென்ட் இருந்தாலும் பேக்கப் கட்டாயம்.

ஏஜென்ட்டே ஆபத்தான மூன்று சம்பவங்கள்

கிரவுட்ஸ்ட்ரைக், 2024: இது பாதுகாப்பு ஏஜென்ட். கம்ப்யூட்டரில் நடப்பதைச் சேகரித்து மையத்துக்கு அனுப்பி, தாக்குதல் இருக்கிறதா என்று பார்க்கும். 2024 ஜூலை 19 காலை இந்திய நேரம் 9.39 மணிக்கு அதற்கு ஒரு பிழையான அப்டேட் போனது. 78 நிமிடத்தில் அது திரும்பப் பெறப்பட்டாலும், உலகம் முழுக்க சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் நீலத்திரையில் நின்றன என்பது மைக்ரோசாஃப்ட்டின் மதிப்பீடு. சென்னை உள்ளிட்ட விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். ஏஜென்ட் இயங்குதளத்தின் அடி ஆழத்தில் ஓடியதால், ஒரு சின்ன ஃபைலின் பிழை மொத்த கம்ப்யூட்டரையும் சாய்த்தது.

சோலார்விண்ட்ஸ், 2020: நெட்வொர்க்கைக் கண்காணிக்கும் 'ஓரியன்' என்ற மென்பொருளின் அப்டேட்டுக்குள்ளேயே தாக்குதல்காரர்கள் தங்கள் நிரலை நுழைத்தார்கள். 2020 டிசம்பரில் இது வெளியே தெரிந்தபோது, அந்த அப்டேட் சுமார் 18,000 வாடிக்கையாளர்கள் வரை சென்றிருக்கலாம் என நிறுவனம் கூறியது. கண்காணிக்கும் மென்பொருளுக்கு எல்லா இடத்துக்கும் அனுமதி உண்டு. திருடனுக்கு அதுதான் வசதி.

கூடங்குளம், 2019: கூடங்குளம் அணுமின் நிலையத்தின் நிர்வாகப் பணிக்கான, இணையத்துடன் இணைந்த நெட்வொர்க்கில் இருந்த ஒரு கம்ப்யூட்டரில் தீநிரல் கண்டறியப்பட்டதை இந்திய அணுமின் கழகம் 2019 அக்டோபர் 30 அன்று உறுதிப்படுத்தியது. செப்டம்பர் 4 அன்றே சர்ட்-இன் இதைத் தெரிவித்திருந்தது. முக்கிய உள் நெட்வொர்க் தனியாக இருப்பதால் ஆலையின் இயக்கம் பாதிக்கப்படவில்லை என்றது கழகம். இந்தச் சம்பவத்தில் பேசப்பட்ட 'டிட்ராக்' வகை தீநிரல், பிரவுசர் வரலாறு, ஐபி முகவரி, ஓடும் மென்பொருள்கள், டிஸ்க்கில் உள்ள ஃபைல்களின் பட்டியல் ஆகியவற்றைச் சேகரிக்கக்கூடியது. செய்யும் வேலையைப் பார்த்தால் அதுவும் ஒரு கலெக்டர்தான். வித்தியாசம், உரிமையாளருக்குத் தெரியாமல் வந்தது.

இந்த மூன்றிலும் இருந்து சின்ன அலுவலகங்கள் எடுத்துக்கொள்ளக்கூடிய பாடம் இதுதான். அப்டேட்டை முதலில் ஒரே ஒரு கம்ப்யூட்டரில் போட்டு ஒரு நாள் பார்த்துவிட்டு, பிறகு மற்றவற்றில் போடுங்கள். ஏஜென்ட்டுக்குத் தேவைக்கு மேல் அனுமதி கொடுக்காதீர்கள். யார், எப்போது, எதற்குப் போட்டார் என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

சட்டம் என்ன சொல்லுது?

சர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட உத்தரவுப்படி, நிறுவனங்களும் அரசு அமைப்புகளும் தங்கள் கணினி அமைப்புகளின் லாக் பதிவுகளை 180 நாள்கள் பாதுகாக்க வேண்டும். சைபர் சம்பவம் தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் புகார் செய்ய வேண்டும். கடிகாரங்களை அரசு குறிப்பிடும் நேர சர்வர்களுடன் ஒத்திசைக்க வேண்டும். லாக் சேகரிக்கும் ஏஜென்ட்டுகளுக்கு இந்தியாவில் தேவை கூடியதற்கு இதுவும் ஒரு காரணம்.

மறுபக்கம், 2023 ஆகஸ்ட்டில் குடியரசுத் தலைவர் ஒப்புதல் பெற்ற டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். லாகின் பெயர் போன்ற, ஒருவரை அடையாளம் காட்டும் தகவலைச் சேகரித்தால் அதைப் பாதுகாக்கும் பொறுப்பு உங்களுடையது. பாதுகாப்பு ஏற்பாடு செய்யத் தவறினால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். 18 வயதுக்கு உட்பட்டவர்களின் தகவலுக்குப் பெற்றோர் ஒப்புதல் வேண்டும். அவர்களின் நடவடிக்கையைக் கண்காணிப்பதற்கும் தடை உண்டு. கல்விப் பணி, மாணவர் பாதுகாப்புக்காகப் பள்ளிகளுக்குச் சில விலக்குகள் தரப்பட்டுள்ளன. இதற்கான விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. முக்கியமான கடமைகள் அதிலிருந்து 18 மாதங்கள் கழித்து நடைமுறைக்கு வரும்.

"சார், ஒரு ஆப் இன்ஸ்டால் பண்ணுங்க" என்று போன் வந்தா?

உடனே கட் செய்யுங்கள். 'உங்க கம்ப்யூட்டர்ல வைரஸ் இருக்கு, கண்காணிக்க ஒரு டூல் போடணும்' என்று பேசி, எனிடெஸ்க், டீம்வியூவர் போன்ற செயலிகளை இன்ஸ்டால் செய்யவைப்பது மோசடிக்காரர்களின் பழைய உத்தி. அந்தச் செயலிகள் நல்லவைதான். ஆனால் அவை டெலிமெட்ரி ஏஜென்ட் இல்லை. உங்கள் திரையை அப்படியே இன்னொருவர் கையில் கொடுப்பவை.

அடையாளம் காண எளிய வழி: டெலிமெட்ரி ஏஜென்ட் ஓடிபி கேட்காது, 9 இலக்க எண்ணைப் படித்துச் சொல்லச் சொல்லாது, நெட் பேங்கிங் திறக்கச் சொல்லாது. பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள்.

ஏற்கெனவே யாராவது போட்டிருக்காங்களான்னு எப்படிப் பார்ப்பது?

* விண்டோஸ் செட்டிங்ஸில் ஆப்ஸ் பட்டியலைத் திறந்து, இன்ஸ்டால் ஆன தேதி வாரியாக வரிசைப்படுத்துங்கள். தெரியாத பெயர் இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள்.
* 'சர்வீசஸ்' பட்டியலில் தானாகத் தொடங்கும் சேவைகளைப் பாருங்கள்.
* 'ரிசோர்ஸ் மானிட்டர்' திறந்து நெட்வொர்க் பகுதியில் எந்த மென்பொருள் எந்த முகவரிக்குத் தகவல் அனுப்புகிறது என்று பாருங்கள்.
* அலுவலகக் கம்ப்யூட்டர் என்றால் நீங்களாக நீக்க வேண்டாம். ஐடி பிரிவில் 'இது என்ன சேகரிக்கிறது, எங்கே போகிறது, எத்தனை நாள் வைத்திருப்பீர்கள்' என்ற மூன்று கேள்விகளைக் கேளுங்கள். கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.
* சொந்தக் கம்ப்யூட்டர் என்றால் ஆப்ஸ் பட்டியலில் இருந்தே நீக்கலாம். நீக்கிய பிறகு சர்வீஸ் போய்விட்டதா, ஃபயர்வாலில் திறந்த போர்ட் மூடப்பட்டதா என்று பாருங்கள். பலர் ஏஜென்ட்டை நீக்கிவிட்டு கதவைத் திறந்தே விட்டுவிடுகிறார்கள்.

யாருக்கு இது தேவை?

வீட்டில் ஒரே ஒரு லேப்டாப் வைத்திருப்பவருக்கு இவ்வளவும் வேண்டாம். விண்டோஸ் டாஸ்க் மேனேஜரும் வாராந்திர பேக்கப்பும் போதும். கல்லூரி லேப், மருத்துவமனை வரவேற்பறை, கூட்டுறவு சங்க அலுவலகம், விராலிமலை பக்கம் உள்ள தொழிற்சாலைகள் என ஐந்து கம்ப்யூட்டருக்கு மேல் ஓடும், ஒன்று நின்றாலும் வேலை கெடும் இடங்களுக்குப் பயன் அதிகம். அங்கேயும் அளவுகளில் இருந்து தொடங்கி, தேவை வந்தால் மட்டும் லாக் பக்கம் போவது செலவுக்கும் நல்லது, பாதுகாப்புக்கும் நல்லது.